சிஸ்டரிடம் கேளுங்கள்: நர்சிங் அசிஸ்டென்ட் ஆக என்ன படிக்கணும்?

போன இதழில் நர்சிங் அசிஸ்டென்ட் வேலையைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் அம்மாக்கள் எழுதியவை. 33 வருஷம் அரசு மருத்துவமனை வார்டுகளில் ஸ்டாஃப் நர்சாகவும், கடைசிச் சில வருஷம் கண்காணிப்பாளராகவும் இருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்துப் படித்தாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ‘டிப்ளமா இன் நர்சிங்’ ஒரு வருஷப் படிப்பு, ஃபீஸ் 45 ஆயிரம் என்கிறார்கள். முடித்தால் அரசு வேலைக்கே போகலாமாம். வெள்ளை யூனிஃபார்மும் அவர்களே தருகிறார்கள். இன்னும் பணம் கட்டவில்லை. சேர்க்கலாமா?
– வாசகி, மணப்பாறை

பணம் கட்டவில்லை என்ற வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கட்டாதீர்கள் அம்மா.

நம் நாட்டில் ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆக வழியே கிடையாது. நர்ஸ் வேலைக்குப் போக மூன்று வாசல்தான் உண்டு. இரண்டு வருஷம் ஏ.என்.எம். (துணை நர்ஸ் மற்றும் மகப்பேறு உதவிப் படிப்பு), மூன்று வருஷம் ஜி.என்.எம். (பொது நர்சிங் மற்றும் மகப்பேறு டிப்ளமா), நான்கு வருஷம் பி.எஸ்சி. நர்சிங். இதில் எதைப் படித்தாலும் அந்தப் பள்ளியோ கல்லூரியோ அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். படித்து முடித்ததும் சென்னையில் இருக்கிற தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். 1926ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே நம் மாநிலத்தில் இந்தப் பதிவு முறை இருக்கிறது. அந்த எண் இல்லாதவருக்கு எந்த அரசு மருத்துவமனையிலும் நர்ஸ் வேலை கிடையாது. பஸ் ஸ்டாண்டு டிப்ளமாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கவுன்சிலில் வாங்கவே மாட்டார்கள்.

நான் கண்காணிப்பாளராக இருந்தபோது ஒரு பெண் தன் அம்மாவோடு என் அறைக்கு வந்தாள். பிளாஸ்டிக் ஃபைலுக்குள் சான்றிதழ். தங்க நிற எழுத்து, ஓரத்தில் பூ வேலை, நடுவில் அசோகச் சின்னம் மாதிரியே ஒரு முத்திரை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். கிட்டே வைத்துப் பார்த்தேன். எந்தக் கவுன்சிலின் பெயரும் இல்லை, பல்கலைக்கழகப் பெயரும் இல்லை. அந்த நிறுவனமே பாடம் நடத்தி, தானே பரீட்சை வைத்து, தானே பாஸ் போட்டிருக்கிறது. “சிஸ்டர், இதை எங்க பதியணும்?” என்று கேட்டாள். அம்மாவின் காதைப் பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன நிமிஷத்தை இன்று வரை மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் காமர்ஸ் படித்தவள் என்பதால் பி.எஸ்சி. நர்சிங் முடியாது. அதற்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் வேண்டும். ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் விதியின்படி ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பள்ளியும், அரசுத் தேர்வுக் குழுவும் தனியாக என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்று அந்த வருஷத்துக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேரும் முன் பள்ளியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செல்போனிலேயே பார்க்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

இல்லை, மூன்று வருஷம் காத்திருக்க வீட்டில் முடியாது, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் அப்போது நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சிக்கு வாருங்கள். அரசுத் திறன் பயிற்சியில் இதற்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்று பெயர், சுருக்கமாக ஜி.டி.ஏ. வயது 18 ஆகியிருக்க வேண்டும். சில மாதப் பயிற்சிதான், அதில் ஒரு பகுதி மருத்துவமனையிலேயே நடக்கும். முடிவில் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து எழுத்துத் தேர்வு, செய்முறை, வாய்மொழி மூன்றும் வைப்பார். ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் பெயரில் சான்றிதழ் வரும். பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில் நடத்தும் மையத்தில் பயிற்சிக்கு ஒரு ரூபாய் கூட கட்ட வேண்டாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்திலும் விசாரியுங்கள். இக்னோ எனும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் ஆறு மாத ஜி.டி.ஏ. சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது.

எந்த மையமானாலும் ஒன்று மட்டும் கேளுங்கள். “எந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை வார்டுக்கு அனுப்புறீங்க? எத்தனை நாள்?” பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். நோயாளியைத் தொடாமல் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியாது.

பத்தாவது முடித்திருக்கிறேன். ஜி.டி.ஏ. பயிற்சியில் சேர ஆசை. ஆனால் பெரியம்மா, “பெட்பேன் எடுக்கிறதுக்கு ஒரு படிப்பா, அதுக்கு ஒரு சர்டிஃபிகேட்டா” என்று கேட்கிறார். உண்மையில் என்னதான் சொல்லித் தருவார்கள் சிஸ்டர்?
– வாசகி, நிலக்கோட்டை

பெட்பேன் எடுப்பதும் அதில் உண்டு கண்ணு. அதையும் சரியாகச் செய்யத் தெரிய வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிற பாட்டிக்கு வலிக்காமல் பெட்பேன் வைக்க எத்தனை பேருக்குத் தெரியும் என்று உன் பெரியம்மாவிடம் கேள்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து அசைய முடியாமல் படுத்திருக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிய சதைக்கு ரத்தம் போகாது. அந்த இடம் செத்துப் புண்ணாகும். முதுகின் அடியில் வால் எலும்பு இருக்கிற இடம், இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், பின்மண்டை, முழங்கை எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் பார்க்க வேண்டும்.

புத்தகத்தில் ‘சிவந்திருந்தால் ஆரம்பம், விரலால் அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் எச்சரிக்கை’ என்று போட்டிருக்கும். நம் ஊர் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு அவ்வளவு லேசில் தெரியாது. என்னுடைய முதல் வருஷ டியூட்டியில் ஒரு வயசான ஆயாதான் எனக்கு இதைக் காட்டினார். புறங்கையை அந்த இடத்தில் வைத்தார், அப்புறம் ஒரு சாண் தள்ளி வைத்தார். “இங்க சுடுது, அங்க இல்ல. இங்க கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கு பாருங்க சிஸ்டர்.” கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டாக்டரிடம் சொல்லி, மறுபக்கம் படுக்க வைத்துக் காப்பாற்றினோம். அந்த ஆயா பள்ளிக்கூடம் போனவரில்லை. நான் பாடத்தில் படித்ததை அவர் கையில் வைத்திருந்தார்.

அப்படி ஒரு இடம் தென்பட்டால் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. வீட்டில் பாசத்தால் தேய்ப்பார்கள். அடியில் ஏற்கெனவே நொந்துபோன சதை இன்னும் கெடும். குதிகாலுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி விட வேண்டும். நோயாளியை மேலே நகர்த்தும்போது அக்குளில் கையைக் கொடுத்து இழுக்கக் கூடாது, தோல் உரியும். இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்ட துணியை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணித் தூக்க வேண்டும். நம் முதுகும் பிழைக்கும்.

அப்புறம் சோறு ஊட்டுவது. வாய் ஒரு பக்கம் கோணியவரைப் படுக்க வைத்து ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்னச் சின்ன வாயாகக் கொடுக்க வேண்டும். விழுங்கினாரா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். பலமில்லாத பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும், முடித்ததும் அதையும் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. மூச்சு எண்ணும்போது “மூச்சு எண்ணப் போறேன்” என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். கை கழுவுவதற்கே ஒரு வகுப்பு உண்டு. சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் உட்பட. வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு.

இவ்வளவுக்கும் ஒரு சர்டிஃபிகேட் வேண்டாமா? பெரியம்மாவிடம் இந்தப் பக்கத்தையே படித்துக் காட்டு.

எனக்கு 41 வயது. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் 12 வருஷமாக ஆயாவாக இருக்கிறேன். புதுசாக வருகிற பெண்களுக்கு நான்தான் எல்லாம் கற்றுக் கொடுக்கிறேன். ஆனால் சர்டிஃபிகேட் வைத்திருக்கிற அவர்களுக்குச் சம்பளம் அதிகம். இந்த வயதில் போய் நான் வகுப்பில் உட்கார முடியுமா?
– வாசகி, கோவில்பட்டி

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் தங்கச்சி. நீங்கள் சொல்வது அநியாயம்தான்.

மாதக்கணக்கில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கென்று ஆர்.பி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. முன்பே கற்ற திறமையை அங்கீகரிப்பது என்று அர்த்தம். சில நாள் மட்டும் பயிற்சி கொடுப்பார்கள். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டித் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். திறன் பயிற்சி மையத்தில் போய், “ஜி.டி.ஏ.வுக்கு ஆர்.பி.எல். எப்போ நடத்துறீங்க?” என்று இதே வார்த்தையில் கேளுங்கள். 12 வருஷம் வேலை பார்த்ததற்கு உங்கள் நர்சிங் ஹோமில் ஒரு கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள்.

உங்களுக்குச் செய்முறையில் பிரச்சினை வராது. வாய்மொழிக் கேள்வியில் பழைய பழக்கம் காலை வாரும். முக்கியமாகக் குப்பைக் கலர். 2016 விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சள் பையில், டிரிப் டியூப் மாதிரியான பிளாஸ்டிக் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெற்றதும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

பையன்கள் இதைப் படிக்கலாமா? பிளஸ் டூவில் பயாலஜி குரூப். வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வாசகர், பரமக்குடி

தாராளமாக. ஆண்கள் வார்டில் குளிப்பாட்டவும், கத்தீட்டர் என்கிற சிறுநீர்க் குழாயின் சுத்தம் பார்க்கவும், 80 கிலோ ஆளைத் தூக்கி நாற்காலியில் வைக்கவும் ஆண் உதவியாளர் இல்லாமல் நாங்கள் தவித்த நாட்கள் எத்தனையோ. பயாலஜி குரூப் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் என்றே ஒரு பணி இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். மொத்தம் 50 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். உடல் தகுதித் தேர்வும் உண்டு. லக்னோவில் ராணுவ மருத்துவப் பிரிவின் பயிற்சி மையம் இருக்கிறது. இப்போதே ஓடிப் பழகு தம்பி.

ஜி.டி.ஏ. முடித்து ஒரு ஹோம் கேர் ஏஜென்சி மூலம் வீட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு இன்சுலின் நான்தான் போடணும் என்கிறார்கள். போன வாரம் டிரிப் மாற்றவும் சொன்னார்கள். முடியாது என்றால் வேலை போய்விடுமோ என்று பயம்.
– வாசகி, தாம்பரம்

உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஊசி, டிரிப், மூக்கு வழி டியூப் செருகுவது எதுவுமே உன் சான்றிதழுக்குள் வராது.

ஊசி குத்தும் வித்தை ஒரு நாளில் வந்துவிடும். விஷயம் அதில் இல்லை. அந்தப் பெரியவர் ஒரு நாள் காலை இட்லி வேண்டாம் என்று தட்டைத் தள்ளுவார். வழக்கமான அளவு இன்சுலினை நீ போட்டுவிடுவாய். பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறும். சர்க்கரை இறங்கிவிட்டது. எந்த நாளில் குறைக்கணும், எந்த நாளில் நிறுத்தி டாக்டரைக் கூப்பிடணும் என்று முடிவு செய்கிற படிப்பு உனக்குத் தரப்படவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் ஏஜென்சி உன் பக்கம் நிற்காது.

இப்படிச் சொல்லிப் பார்: “ஐயா வீட்டிலேயே ஒருத்தர் டாக்டர்கிட்ட ஊசி போடக் கத்துக்கட்டும். நான் பக்கத்துல இருந்து சாப்பாடு, நேரம், சர்க்கரை அளவு எல்லாம் நோட்டுல எழுதி வைக்கிறேன்.” டிரிப்புக்கு நர்ஸ்தான் வர வேண்டும், அதையும் சொல். நோட்டு நிஜமாகவே எழுது. தேதி, நேரம், எத்தனை இட்லி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சிறுநீர். அந்த நோட்டைப் பார்க்கிற எந்த டாக்டரும் உன்னை மதிப்பார்.

வளைகுடா நாட்டில் ‘நர்ஸ் அசிஸ்டென்ட்’ வேலை, மூன்று லட்சம் கொடு என்று ஏஜென்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கடலூர்

கூடாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30 ஆயிரம் ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு ரசீது தர வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அதைவிட, சென்னையில் தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கிறதே, முதலில் அங்கே போய்க் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘நர்ஸ் அசிஸ்டென்ட்’ என்று இருக்கிறதா, வீட்டு வேலை என்று இருக்கிறதா என்று படித்தவர் யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு பேர் சொல்லி அங்கே வேறு வேலை கொடுத்த கதையைத் திரும்பி வந்த பெண்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

என் தங்கை கிரீன் கார்டில் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே சி.என்.ஏ. படிக்கிறாளாம். அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகி, கும்பகோணம்

சி.என்.ஏ. என்றால் சர்டிஃபைடு நர்சிங் அசிஸ்டென்ட். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சட்டம்தான் வேறு. 1987இல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி முதியோர் இல்லங்களில் நர்சிங் அசிஸ்டென்டாக இருக்கக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். மாநிலங்கள் இதைக் கூட்டிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 160 மணி நேரம். தேர்வு எழுதி, செய்து காட்டித் தேறினால் மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறும். வேலையில் இருக்கிற வரை ஒவ்வொரு வருஷமும் 12 மணி நேரமாவது மறுபயிற்சி உண்டு. தொடர்ந்து இரண்டு வருஷம் இந்த வேலையே பார்க்காமல் விட்டால் மறுபடி பயிற்சியோ தேர்வோ வேண்டியிருக்கும். பெயர் ஏறுகிற அந்தப் பதிவேடு நம் ஊரிலும் நர்சிங் அசிஸ்டென்ட்களுக்கு வர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்படுகிறேன். அது இருந்தால் அந்த அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருக்காது.

என் மகள் ஜி.டி.ஏ. பயிற்சிக்காக வார்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். யாரோ படுக்கையில் விட்டுப்போன ஊசி கையில் குத்திவிட்டது என்று ஒரு தோழி அழுதாளாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.
– வாசகி, ஆரணி

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். குத்தினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. திட்டுவார்களே என்று மறைக்காமல் அந்த நிமிஷமே டியூட்டி நர்சிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் மறைக்காதே என்கிறேன். அந்தத் தோழி யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தால், உங்கள் மகளே கையைப் பிடித்து டியூட்டி ரூமுக்குக் கூட்டிப் போகட்டும்.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியே இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பல மையங்களில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அவள் எத்தனை போட்டிருக்கிறாள் என்று இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்.